மாத்திரை போடுற நானும் வெயிட் ஏறுறேன், போடாத வீட்டுக்காரரும் ஏறுறாரு, எதனால?

பொன்வண்டு:
இங்க முதல் தடவையா எழுதுறேன். எனக்கு ஹெச்ஐவி இருக்கு, வீட்டுக்காரருக்கு நெகட்டிவ். ரெண்டு வருஷம் முன்னாடி மாத்திரை ஆரம்பிச்சப்ப நான் 47 கிலோ, சிடி4 (நோய் எதிர்ப்பு செல் எண்ணிக்கை) வெறும் 110, எலும்பும் தோலுமா கிடந்தேன். இப்ப 59. முதல்ல முகம் தெளிஞ்சிருச்சுன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, இப்ப பழைய துணி ஒண்ணும் உடம்புல ஏற மாட்டேங்குது. கூத்து என்னன்னா அவரும் இதே ரெண்டு வருஷத்துல 5 கிலோ போட்டுட்டாரு, அவருக்கு மாத்திரையே கிடையாது. என் மாத்திரைல இருக்குற டோலுடெக்ராவிர்ங்கிற மருந்தால வெயிட் ஏறும்னு படிச்சேன். வைரல் லோட் (ரத்தத்துல வைரஸ் அளவு) கண்டுபிடிக்க முடியாத அளவுலதான் இருக்கு, கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாமா?

பழையஆளு:
நிறுத்துற பேச்சே வேணாம்மா. நிறுத்துனா சில வாரத்துல வைரஸ் திரும்ப ஏறிடும், அப்புறம் வெயிட் குறையத்தான் செய்யும், ஆனா நீங்க கேக்குற மாதிரி குறையாது. நான் ஸ்டாவுடின்ங்கிற பழைய ஹெச்ஐவி மருந்து போட்ட காலத்து ஆளு, கன்னத்துல கை கால்ல கொழுப்பு கரைஞ்சு போய் மூஞ்சிய பாத்தே கண்டுபிடிச்சிருவாங்களோன்னு பயந்து வெளிய போகாம இருந்தவன். அதுக்காக உங்க கவலைய சின்னதுன்னு சொல்லல, பிரஷர் சுகர்னு அது வேற பக்கம் இழுத்துட்டுப் போகும்.

வெள்ளைக்கோட்டு:
நான் க்ளினிக்ல நர்ஸ். 12 கிலோவும் ஒரே கணக்கு இல்ல. வைரஸ் கட்டுப்பாட்டுல இல்லாதப்ப உடம்பு சும்மா இருந்தாலே அதிகமா எரிக்கும், பசி இருக்காது, குடல் சத்த சரியா இழுக்காது. மருந்து வேலை செஞ்சதும் இழந்தது திரும்புது, சிடி4 எவ்ளோ கம்மில ஆரம்பிக்கிறாங்களோ அவ்ளோ அதிகமா ஏறும். உங்க 110க்கு முதல் சில கிலோ நோய் வாங்குன கடன் திரும்பி வந்ததுதான்.

மிச்சத்துக்குத்தான் மருந்து வருது. தென்னாப்பிரிக்காவுல அட்வான்ஸ்னு ஒரு ட்ரயல், 96 வாரத்துல டோலுடெக்ராவிரோட டெனோஃபோவிர்ங்கிற இன்னொரு ஹெச்ஐவி மருந்தோட புது வடிவம் (டிஏஎஃப்) போட்டவங்க சராசரியா 7 கிலோ ஏறுனாங்க, அதே டோலுடெக்ராவிரோட பழைய டெனோஃபோவிர் (டிடிஎஃப்) போட்டவங்க 4 கிலோ சொச்சம், எஃபாவிரென்ஸ்ங்கிற பழைய ஹெச்ஐவி மருந்து போட்டவங்க 2 கிலோ சொச்சம். பொம்பளைங்களுக்கு அதிகம். ஆனா எஃபாவிரென்ஸ உடம்பு மெதுவா கழிக்கிறவங்களுக்கு, அதாவது ரத்தத்துல அது கூடுதலா தங்குறவங்களுக்கு வெயிட் ஏறவே இல்ல. அப்ப டோலுடெக்ராவிர் ஏத்துதா, இல்ல எஃபாவிரென்ஸ்தான் புடிச்சு வச்சிருந்துச்சான்னு கேள்வி வருதுல்ல? பழைய டெனோஃபோவிரும் கொஞ்சம் இறக்கி வைக்கிற மருந்துதான். இன்னொண்ணு, டோலுடெக்ராவிர் குடும்பத்து மருந்தான கபோடெக்ராவிர ஹெச்ஐவி இல்லாதவங்களுக்கு கொடுத்து வெத்து மருந்தோட ஒப்பிட்டப்ப ரெண்டு பக்கமும் ஒரு கிலோ மாதிரிதான் ஏறுச்சு. என் கணிப்பு, மருந்து மேல போடுற பழில பாதி நியாயம் பாதி அநியாயம்.

தூங்காமூஞ்சி:
அவரோட 5 கிலோவ ஏன் யாரும் கேக்கல? சிகரெட்ட விட்டாரா, நைட் ஷிஃப்டா, ஸ்டீராய்டோ மனநல மாத்திரையோ எதாவது? ஹெச்ஐவி இல்லாத ஊர்பட்ட பேர் வருஷத்துக்கு அரை கிலோன்னு ஏறிட்டேதான் இருக்காங்க, நானும்தான்.

பொன்வண்டு:
அய்யோ கரெக்டா சொன்னீங்க, எனக்கு ஹெச்ஐவின்னு தெரிஞ்ச நேரத்துலதான் அவர் சிகரெட்ட விட்டாரு, ஷிஃப்டும் மாறுச்சு. நான் டப்பாவ இப்பதான் எடுத்து பாத்தேன், டெனோஃபோவிர் அலாஃபெனமைடுன்னு போட்டிருக்கு.

வெள்ளைக்கோட்டு:
அப்ப அதுதான் டிஏஎஃப். சிகரெட் விட்டவங்களுக்கு முதல் வருஷம் 4, 5 கிலோ ஏறுறது சகஜம், அவர திட்டிராதீங்க, தயவுசெஞ்சு திரும்ப புடிக்க விட்டுராதீங்க. உங்களுக்கு, அடுத்த விசிட்ல பழைய டெனோஃபோவிருக்கு மாத்தலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, கிட்னி, எலும்பு பாத்துட்டுத்தான் மாத்துவாங்க, ஹெபடைடிஸ் பி இருந்தாலும் சொல்லிருங்க. ஆனா மாத்துனதும் கடகடன்னு இறங்கும்னு நம்பிப் போகாதீங்க, பெரும்பாலும் கொஞ்சம்தான் இறங்குது. தைராய்டும் சுகரும் ஒரு தடவ பாத்துக்கங்க, அப்புறம் கிலோவ விட இடுப்பு அளவ டேப் வச்சு எழுதி வைங்க, தொப்பைல சேருதா உடம்பெல்லாம் பரவலா சேருதான்னு அதுலதான் தெரியும்.

பொன்வண்டு:
சரிக்கா. டேப் எடுத்துட்டேன், அவருக்கும் சேத்துதான்.