அகஸ்டஸ் கால வெள்ளி நாணயம்: அசலா, வார்ப்பா எனக் கண்டறிய உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கோவையில் வாழ்ந்த என் தாத்தாவின் பெட்டியில் கிடைத்த வெள்ளி நாணயம் ஒன்று, பிரான்சின் இன்றைய லியோன் நகரமான லுக்டுனத்தில் கி.மு. 2 முதல் அச்சிடப்பட்ட, ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) போலத் தோன்றுகிறது. முன்புறம் வாகை மாலை சூடிய பேரரசர். பின்புறம், மகள் ஜூலியாவுக்குப் பிறந்து அவரே தத்தெடுத்துக்கொண்ட பேரன்கள் கையஸும் லூசியஸும் நடுவே கேடயங்களும் ஈட்டிகளுமாக நிற்கிறார்கள். அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்களே என்பதை, செய்தித்தாள் இல்லாத காலத்தில், சம்பளம் வாங்கிய படைவீரனின் உள்ளங்கை வரை கொண்டுசேர்த்த அறிவிப்பு இது. (இருவரும் கி.பி. 4க்குள் இறந்துபோக, ஆட்சி திபேரியஸுக்குப் போனது வேறு கதை.)

இவ்வகை நாணயங்கள் தென்னிந்தியப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்திருப்பதோடு, இவற்றைப் பார்த்து இந்தியாவிலேயே போலிகளும் செய்யப்பட்டன என்பதால்தான் எனக்குக் குழப்பம். எடை 3.6 கிராம், விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது, ஓரத்து எழுத்துகள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கின்றன. அந்தக் கோடு போலியைக் காட்டும் வார்ப்பு அச்சின் இணைப்பா, அசலை அச்சிட்டபோது சுத்தியலடியில் விழுந்த வெடிப்பா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டே அறிய முடியுமா? புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் அம்மா. நான் தடுத்து வைத்திருப்பது சரிதானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.