புதுப்பிப்பு: இஸ்தான்புல் முடி நடவு, ஐந்தாம் மாதம்

ஜூனில் எழுதியிருந்தேன்: துபாய் வேலையை விட்டு மன்னார்குடி திரும்பும் முன் இஸ்தான்புல் போய் முடி நடவு செய்துகொண்டேன், மூன்றாவது வாரமே நட்டதெல்லாம் தலையணையில் கொட்டுகிறது, பணம் போச்சா என்று.

போகவில்லை. நட்ட முடி முதல் இரண்டு மாதத்தில் உதிர்வது வழக்கம்தானாம்; வேர் உள்ளேயே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம். அப்பா அன்றே சொன்னார்: "நாத்துப் பறிச்சு நட்டா மொதல்ல பழுக்கும்டா, அப்புறம்தான் பச்சை புடிக்கும்." இப்போது முன்நெற்றியில் விரல் வைத்தால் சொரசொரவென்று படுகிறது. சம்பா நடவுக்கு வரப்பில் நிற்கும்போது தொப்பி மட்டும் கட்டாயம்.

குறை இல்லாமல் இல்லை. டாக்டர் நெற்றியில் கோடு வரைந்துவிட்டுப் போனார். 3,000 கிராஃப்டையும் (வேரோடு எடுக்கும் முடிக்கொத்து) டெக்னீஷியன்கள்தான் பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் நட்டார்கள். பின்மண்டையில் ஓரிடத்தில் நெருக்கி எடுத்ததில், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சொட்டை. வாட்ஸ்அப்பில் கேட்டால் "நார்மல்" என்று ஒரே வார்த்தை, கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை. தஞ்சாவூரில் தோல் டாக்டரிடம் காட்டினேன். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது, சுற்றியுள்ள முடியை வளர்த்து மறைக்கலாம் என்றார்.

பேக்கேஜ் விலை கேட்டவர்களுக்கு: அதற்கு முன்னால், யார் கையால் எடுப்பார்கள் என்று கேளுங்கள். அடுத்த படம் பொங்கலுக்கு.