சைலீனில் போடும் படிக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

கூடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் திசுவியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நிலைப்படுத்தல், நீர்நீக்கல் வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டது. அதற்கடுத்த படியில் மாட்டிக்கொண்டேன். கிளியரிங்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். திசுத்துண்டை 10 சதவீத ஃபார்மலினில் ஒரு நாள் ஊறப்போட்டு நிலைப்படுத்துகிறோம். அப்புறம் 70, 90, 100 என்று ஏறுவரிசையில் ஆல்கஹால். துண்டில் இருக்கும் தண்ணீரெல்லாம் வெளியேறிவிடும். கடைசியில் அதை மெழுகில் புதைத்தால்தான் மெல்லிசாகச் சீவ முடியும், ஆனால் மெழுகுக்கும் ஆல்கஹாலுக்கும் ஒத்துவராது. அதனால் இரண்டோடும் கலக்கக்கூடிய சைலீனை நடுவில் கொண்டுவருகிறோம். சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், பிறகு 60 டிகிரி அளவில் உருகியிருக்கும் மெழுகு சைலீனை வெளியேற்றும். சைலீனில் கிடக்கும்போது வெளுப்பாக இருந்த துண்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெயர் அதனால் வந்ததுதான்.

எங்களிடம் இருந்த பழைய குறிப்பில் இதற்குச் "சுத்தம் செய்தல்" என்று போட்டிருந்தது. போன வருஷம் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, 100 சதவீத ஆல்கஹாலிலிருந்து எடுத்த துண்டைக் குழாயடியில் காட்டி நன்றாகக் கழுவி எடுத்து வந்தான். சைலீனில் போட்டதும் ஜாடி பால் கலந்த மாதிரி கலங்கிவிட்டது. திட்டவும் வாய் வரவில்லை. "சுத்தம் செய்தல்னுதானே மிஸ் போட்டிருக்கு?" என்கிறான்.

ஒரு சொல் கொடுங்கள்.

விசைப்பலகை எழுதியது:

கிளியரிங் என்றே போடுங்கள். சைலீனுக்கும் ஃபார்மலினுக்கும் தமிழ் தேடவில்லையே, இதற்கு மட்டும் எதற்கு? நாளைக்கு வேலைக்குப் போகிற லேபில் எல்லாரும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள்.

பொருநை எழுதியது:

லேபில் யாரும் அதையும் சொல்வதில்லை தம்பி. நான் 22 வருஷமாக மைக்ரோடோம், அதாவது திசு சீவும் கருவி, சுற்றுகிறேன். எங்கள் இடத்தில் "சைலீன்ல போட்டாச்சா?" அவ்வளவுதான். கிளியரிங் என்றால் வங்கியில் செக் போட்டவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

ஆனால் கூடல் அக்கா கேட்பதில் நியாயம் இருக்கிறது. சைலீன் என்பது பொருளின் பெயர், இது வேலையின் பெயர். குளோரோஃபார்மில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தேவதாரு எண்ணெயில் செய்தவர்களும் இருக்கிறார்கள். வேலைக்கென்று ஒரு பெயர் வேண்டும்தான்.

வெண்ணாறு எழுதியது:

அன்புடையீர், இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? சொல் நம் கொல்லையிலேயே கிடக்கிறது. தேற்றல்.

தேறு தன்வினை, தேற்று பிறவினை. ஆறு ஆற்று, மாறு மாற்று என்பதுபோல. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர் வந்ததை எண்ணிப் பாருங்கள். அந்த மரத்துக்குப் பழம்பெயர் இல்லம். கலித்தொகை 142இல், "இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து நலம்பெற்றாள்" என்று வருகிறது. காழ் என்றால் கொட்டை. ஆக, ஒரு பொருளைக் கொண்டு இன்னொன்றைத் தெளிய வைக்கும் வினைக்குத் தேற்று என்ற சொல்லை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆண்டிருக்கிறார்கள். சைலீனைத் தேற்றி என்று சொல்லிவிடலாம். தேற்றல், தேற்றி, தேற்றிய திசு. பெயர், கருவி, பெயரெச்சம் மூன்றும் ஒரே வேரில். வேறு எந்தச் சொல் இப்படி வளைந்து கொடுக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வடித்துத் தெளிந்த கள்ளுக்குச் சங்க இலக்கியத்தில் தேறல் என்று பெயர். ஆல்கஹாலில் ஊறி வந்த துண்டு தேற்றப்படுகிறது என்பது எவ்வளவு பொருத்தம்!

விசைப்பலகை எழுதியது:

ஐயா, தேற்றுவது என்றால் இன்றைக்கு ஆறுதல் சொல்வது. "திசுவைச் சைலீனில் 1 மணி நேரம் தேற்றவும்" என்று படித்தால் பிள்ளைகள் அதற்கு என்ன துக்கம் என்று கேட்பார்கள்.

வெண்ணாறு எழுதியது:

கலங்கிய நெஞ்சைத் தெளிய வைப்பதுதானே ஆறுதல்? வேர்ப்பொருள் ஒன்றே. ஆறுதல் சொல்வதற்கு ஆற்று என்ற சொல் தனியாக இருக்க, தேற்று என்பதை அதன் பழைய வேலைக்கு மீட்டுக் கொடுப்பது நம் கடமை.

பொருநை எழுதியது:

ஐயா, எனக்குத் தமிழ் உங்கள் அளவுக்குத் தெரியாது, தேற்றாங்கொட்டை தெரியும். எங்கள் ஆச்சி மண்பானையின் உள்பக்கம் அந்தக் கொட்டையை உரைசி உரைசித் தேய்த்துவிட்டு ஆற்றுத்தண்ணீரை ஊற்றி வைப்பாள். காலையில் பார்த்தால் சேறெல்லாம் அடியில், மேலே தண்ணீர் பளிச்சென்று இருக்கும். அதாவது அங்கே அழுக்கு தனியாகப் பிரிந்து கீழே படிகிறது.

சைலீனில் எதுவும் படியாது. துண்டிலிருந்து அழுக்கு ஒன்றும் போகவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. பஜ்ஜி வைத்த காகிதத்தைப் பார்த்திருப்பீர்களே, எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போல ஆகி அடியில் இருக்கும் எழுத்து தெரியும். காகிதம் சுத்தமாகிவிட்டதா? இல்லை. காகித நார்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டது, நாரிலும் எண்ணெயிலும் ஒளி ஏறக்குறைய ஒரே அளவுதான் வளைகிறது, அதனால் சிதறாமல் நேராகப் போய்விடுகிறது. சைலீனின் ஒளிவிலகல் எண் 1.50 அளவு. தண்ணீர் போன திசுப் புரதமும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். வித்தை அவ்வளவே. எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் புதுப் பையன்களுக்கு "துண்டில் எண்ணெய் இறங்கிடுச்சா பாரு" என்றுதான் சொல்லிக்கொடுப்பார். கலைச்சொல்லாகப் போட முடியாது, ஆனால் ஒரு பையன்கூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

பிள்ளைகளுக்குச் "சுத்தம்" என்ற எண்ணமே வரக்கூடாது. அதுதான் அந்தக் குழாயடிப் பையனுக்கு நடந்தது. தேற்றல் என்றால் திரும்பவும் அங்கேதான் போய் நிற்போம்.

வடலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் படித்தது யாழ்ப்பாணத்தில், இப்ப இருக்கிறது ரொறன்ரோவில். எங்களுக்கு முதலில் "திசு" என்பதே ஒரு சொல்லில்லை. டிஷ்யூவைக் கேட்டு எழுதினது போல் இருக்கிறது. நாங்கள் இழையம் என்று படித்தோம், பாடத்துக்கு இழையவியல் என்று பெயர். டிஷ்யூ என்ற சொல் நெசவு என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது, ஹிஸ்டாலஜியில் இருக்கிற கிரேக்கச் சொல்லும் தறியையும் நெய்ததையும் குறிப்பது. இழை என்று வைத்தவர்கள் அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒளிபுகவிடல் என்று போட்டால் என்ன? கண்ணுக்குத் தெரிகிறது அதுதானே.

கூடல் எழுதியது:

வடலி, இழையம் அழகான சொல், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இங்கே ஆறாம் வகுப்பிலிருந்து திசு என்று படித்து வருகிற பிள்ளைகளிடம் முதலாண்டில் போய் மாற்ற முடியாது. இழையை அப்புறம் பிரிக்கலாம், இப்போது கிளியரிங்.

ஒளிபுகவிடல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருநை சொன்ன குளோரோஃபார்ம் இடிக்கிறது. அதில் போட்டால் துண்டு கண்ணாடி மாதிரி ஆவதில்லை, வேலை முடிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அதற்கும் கிளியரிங் என்றுதான் பெயர். "ஒளிபுகவிடல்: ஒளி புகாது" என்று எழுத வேண்டிவரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சைலீன் மூன்று இடத்தில் வருகிறது. முதலாவது, மெழுகுக்கு முன்னால். இரண்டாவது, 4 மைக்ரான் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பிறகு அதிலிருக்கும் மெழுகைக் கரைக்க. மூன்றாவது, ஹெமடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றி, மறுபடியும் ஆல்கஹாலில் நீர் நீக்கி, டிபிஎக்ஸ் என்ற பசை வைத்து மூடுவதற்கு முன்னால். முதலும் மூன்றும் கிளியரிங். நடுவில் வருவது அது இல்லை, அதற்கு மெழுகுநீக்கல் என்று போட்டுவிட்டேன். நமக்கு வேண்டிய சொல் அந்த இரண்டு இடத்துக்கும் பொருந்தி, நடுவில் வருவதோடு குழம்பாமல் இருக்க வேண்டும்.

விசைப்பலகை எழுதியது:

அப்படியானால் செய்கிற வேலையை வைத்துப் பெயர் வைப்போம். ஆல்கஹால்நீக்கல். நீர்நீக்கல், ஆல்கஹால்நீக்கல், மெழுகுநீக்கல். வரிசையாக வருகிறது, குளோரோஃபார்முக்கும் பொருந்தும். அறிவியல்படி இதுதான் சரி.

பொருநை எழுதியது:

சரிதான், ஆனால் ஒரு தாளில் மூன்று நீக்கல் இருந்தால் பரிட்சையில் பாதிப் பேர் மாற்றி எழுதுவார்கள். நான் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அதோடு பெஞ்சில் நிற்கிற பையனுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். ஆல்கஹால் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது, துண்டு தெளிந்துவிட்டதா என்பது தெரியும். நேரம் தாண்டிச் சைலீனில் விட்டால் துண்டு அப்பளமாகிவிடும், கத்தியில் வைத்தால் சீவல்கள் ரிப்பன் மாதிரி தொடர்ந்து வராது, நொறுங்கும். அதனால் பார்வைக்குத் தெரிவதைச் சொல்கிற சொல்தான் என் கட்சி. குளோரோஃபார்ம் நம்மூரில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று. இப்போது எலியின் மூளையை முழுசாக அப்படியே கண்ணாடி மாதிரி ஆக்கி உள்ளே பார்க்கிறார்கள், 2013இல் அமெரிக்காவில் ஒரு குழு செய்து பெரிதாகப் பேசப்பட்டது. அதுவும் கிளியரிங்தான், அங்கே மெழுகே கிடையாது, ஒளி புகுவதுதான் முழு நோக்கமே. அது புதிதும் இல்லை. ஷ்பால்ட்டேஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முழு உறுப்புகளை இப்படிச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று விண்டர்கிரீன் எண்ணெயின் சரக்கு. ஊட்டிக்குப் போனால் மூட்டுவலிக்கென்று பாட்டிலில் விற்பார்களே, அந்த வாசனைதான்.

வெண்ணாறு எழுதியது:

பார்வைக்குத் தெரிவதுதான் வேண்டும் என்றால் பளிங்காக்கல் என்று சொல்லுங்கள். "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்று வள்ளுவரே இலக்கணம் சொல்லியிருக்கிறார். பஜ்ஜிக் காகிதம் செய்வதும் அதைத்தான், அடியில் இருப்பதைக் காட்டுகிறது.

விசைப்பலகை எழுதியது:

ஐயா, பளிங்கு இன்றைக்கு வீட்டுத் தரையில் போடுகிற மார்பிள். அதைவிட ஒளிபுகாத பொருள் கிடையாது.

வடலி எழுதியது:

தெளிவாக்கல்? அல்லது தெளிவித்தல்? தெளித்தல் என்று மட்டும் வேண்டாம், வாசலில் தண்ணி தெளிக்கிற மாதிரி இருக்கும்.

கூடல் எழுதியது:

தெளிவூட்டல் என்றால்? அடுத்த படிக்கு மெழுகூட்டல் என்று ஏற்கெனவே வைத்திருக்கிறேன், கடைசியில் நிறமூட்டல் வருகிறது. தெளிவூட்டல், மெழுகூட்டல், நிறமூட்டல். வாய்க்குப் பழகிவிடும். இன்றைக்குப் புதன்கிழமை என்பதையும் நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

வெண்ணாறு எழுதியது:

இங்கேதான் பிழை. மெழுகை ஊட்டலாம், உள்ளே போகிறது. தெளிவு என்ன பொருளா ஊட்டுவதற்கு?

அதைவிடப் பெரிய பிழை, ஊட்டு என்ற சொல்லே சாயமேற்றுவதற்கு உரியது. அகநானூறு 68இல் "ஊட்டி யன்ன ஒண்டளிர்ச் செயலை" என்று வருகிறது. செயலை என்றால் அசோகு. அதன் தளிர் சிவப்பு ஊட்டியதுபோல் இருக்கிறதாம். நிறம் என்ற சொல்லே அங்கே இல்லை, ஊட்டி என்றாலே போதுமாக இருந்திருக்கிறது. ஆக உங்கள் நிறமூட்டலில் நிறம் மிகை, ஊட்டல் என்றாலே ஸ்டெயினிங்தான். அப்படியிருக்க, தெளிவூட்டல் என்பது தெளிவுக்குச் சாயம் போடுவது என்றாகிவிடும். நேர் எதிர்!

தோய்த்தலும் உண்டு. முல்லைப்பாட்டில் "கற்றோய்த் துடுத்த படிவப் பார்ப்பான்" காவிக்கல்லில் தோய்த்த துணியை உடுத்தியிருக்கிறான். ஈயோசினில் முக்கி எடுப்பதற்குத் தோய்த்தல் என்றும், ஹெமடாக்சிலினுக்கு ஊட்டல் என்றும் பிரித்தால் என்ன?

பொருநை எழுதியது:

பிரிக்க வேண்டாம் ஐயா, தாங்காது. ஆனால் ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். ஹெமடாக்சிலின் மெக்சிகோப் பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து எடுப்பது. அது தனியாகப் பிடிக்காது, படிகாரம் சேர்த்தால்தான் உட்கருவில் போய் ஒட்டும். நம்மூர்ச் சாயவேர்க்காரர்கள் துணியில் செய்ததும் அதே படிகாரத்தைக் கொண்டுதான். லேபும் சாயப்பட்டறையும் ஒரே தொழில்.

வடலி எழுதியது:

ஐயா கோவிக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து வந்த கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அனாட்டமிக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காதிபாதம். அந்த நாளில் படித்தவனுக்கு நல்லாய் விளங்கியிருக்கும். இப்ப என் மகளிடம் சொன்னால் ஏதோ கோயில் பதிகம் என்று நினைப்பாள். தேற்றலும் அப்படித்தான் போகும். நான் தெளிவூட்டலுக்குக் கை தூக்குகிறேன், முழு மனதோடு இல்லை.

விசைப்பலகை எழுதியது:

எனக்கும் முழு மனதில்லை. கிளியரிங்தான் என் முதல் தேர்வு. ஆனால் தோற்றால் தெளிவூட்டல்.

கூடல் எழுதியது:

சரி, முடித்துக்கொள்கிறேன். தனிமடலில் எழுதிய இரண்டு பேரையும் சேர்த்துத் தெளிவூட்டலுக்கு ஐந்து பேர், தேற்றலுக்கு ஒருவர். பொருநை இன்னும் வாக்களிக்கவில்லை, பார்வைக்குத் தெரிவதுதான் வேண்டும் என்றதால் இந்தப் பக்கம் எழுதிக்கொண்டேன். முதல்முறை வரும் இடத்தில் "தெளிவூட்டல், அதாவது கிளியரிங்" என்று போட்டு, கீழே "இது கழுவுதல் அன்று, தண்ணீர் படக்கூடாது" என்று கட்டம் கட்டியிருக்கிறேன். பஜ்ஜிக் காகிதமும் உள்ளே வந்துவிட்டது. பொருநைக்கு நன்றி.

வெண்ணாறு எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு இல்லை. அடிக்குறிப்பிலாவது "தேற்றல் என்றும் கூறுவர்" என்று ஒரு வரி சேர்க்கக்கூடாதா?

கூடல் எழுதியது:

ஐயா, யாரும் அப்படிக் கூறுவதில்லையே. கோப்பும் நேற்று இரவே அச்சகத்துக்குப் போய்விட்டது.

வெண்ணாறு எழுதியது:

நான் கூறுகிறேனே அம்மா. அடுத்த பதிப்பு எப்போது?