பதில்: நார்ப்புரதமா இழைப்புரதமா? கோளமா உருண்டையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாடப்பிரதியை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். புரதங்களில் நீள இழைகளாக இருப்பவற்றுக்கும் (fibrous protein), பந்துபோல மடிந்திருப்பவற்றுக்கும் (globular protein) அதில் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் நம் கேள்வி. அதனால் எல்லா மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> நார்ப்புரதம் என்றால் யாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. நார்ச்சத்து என்று மாணவர்கள் முன்பே படித்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் கார்போஹைட்ரேட். முடியிலுள்ள கெரட்டின், தசைநாணிலுள்ள கொலாஜன் ஆகிய புரதங்களையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். இழைப்புரதம் என்றால், அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள் ஒன்றையொட்டி ஒன்று நீளவாக்கில் ஓடுவதும், நீரில் கரையாமல் முடியாகவும் தசைநாணாகவும் உறுதியோடு நிற்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

சங்கப் பாடல்களில் இழை அணிகலன் ஆயிற்றே, சேயிழை, ஆயிழை என்றெல்லாம் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இழைத்துச் செய்ததால் அணிக்கு அந்தப் பெயர் வந்தது என்பது என் எண்ணம். அதைத் தேடப்போய்க் கிடைத்தது 'புரி'. கயிற்றில் முறுக்கிய ஒவ்வோர் இழையும் ஒரு புரி. கொலாஜனில் மூன்று சங்கிலிகள் அப்படித்தான் முறுக்கிக்கொள்கின்றன. சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான் என்பதால் அவ்வளவு நெருக்கமான முறுக்கு சாத்தியமாகிறது. இந்த அமைப்பை 'முப்புரி' என்றே எழுதலாமே?

> கோளம் வடசொல். திரள்புரதம் தூய தமிழ்.

தூய தமிழ் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் திரள்கிறது. அப்போது அதிலுள்ள அல்புமின் என்ற பந்துவடிவப் புரதம் தன் மடிப்பை இழந்துவிடுகிறது. நீரை ஒதுக்கும் பகுதிகளை உள்ளே பொதிந்து, நீரோடு ஒட்டும் பகுதிகளை வெளியே காட்டி ஒழுங்காக மடிந்திருப்பதால்தான் அது கரைந்திருந்தது. அந்த ஒழுங்கு குலைந்த நிலைக்குரிய சொல்லை அதற்கே பெயராக வைப்பதா?

இன்னொரு பரிந்துரையான 'உருள்புரதம்' வினைத்தொகை. உருளுகின்ற புரதம் என்று பொருள்பட்டுவிடும்.

கோளம் என்றால் மாணவர்கள் சரியான உருண்டையை எதிர்பார்க்கிறார்கள். விஞ்ஞானி ஜான் கெண்ட்ரூவின் குழு 1958-இல் வெளியிட்ட, மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் மாதிரியோ கோணல்மாணலாக இருந்தது. உருண்டை என்ற சொல் கொஞ்சம் கோணலையும் தாங்கும். அப்புறம் தசையிலுள்ள இன்னொரு புரதமான ஆக்டின்: தனி மூலக்கூறாக அது உருண்டை, கோத்துக்கொண்டால் இழை. அதையும் இந்த இரண்டு சொற்களால் சொல்லிவிடலாம்.

இழைக்கு ஐவர், நாருக்கு இருவர். உருண்டைக்கும் கோளத்துக்கும் மும்மூவர். சரி, பிரதியில் இழைப்புரதம், உருண்டைப்புரதம் என்றே எழுதுகிறேன். திரள் சொன்ன ஐயா இன்னும் ஒப்பவில்லை. மடிப்புக் குலைவதற்கு 'இயல்பிழத்தல்' இருக்கிறதே என்கிறார். இயல்பிழந்தவை ஒன்றோடொன்று சேர்வதற்குத் திரள் வேண்டுமே, ஐயா? அதற்கு வேறு சொல் தந்தால் வியாழன் இரவு வரை மாற்றுகிறேன்.