நைஜீரியாவின் யொரூபா மக்களின் திருவிழாக்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லாகோஸில் இருந்தபோது, என்னோடு வேலை பார்த்த அம்மா ஒருவர் தன் சொந்த ஊரான ஒஷோக்போவுக்கு அழைத்துப் போனார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆகஸ்ட் வந்துவிட்டால், ஆற்றுத் தெய்வமான ஓஷுனின் திருவிழாவுக்கு அங்கே இருந்தாக வேண்டும் அவருக்கு.

ஊரைத் தூய்மைப்படுத்துவது, பதினாறு திரி விளக்கு ஏற்றுவது என்று இரண்டு வாரம் நடக்கிறது. கடைசி நாளில்தான் அருக்பா வருகிறாள். அரச குடும்பத்துக் கன்னிப்பெண். ஊர் முழுவதற்குமான காணிக்கையைச் சுரைக்குடுவையில் வைத்து, துணியால் மூடி, தலையில் சுமந்தபடி அரண்மனையிலிருந்து ஓஷுன் ஆற்றங்கரைத் தோப்பு வரை நடக்கிறாள். கால் தடுக்கினால் ஊருக்கே ஆகாதாம். அவள் நெருங்கியதும் சுற்றியிருந்தவர்கள் கையால் தலையைச் சுற்றி அவள் பக்கமாக உதறினார்கள். அவரவர் கஷ்டத்தை அவளோடு ஆற்றுக்கு அனுப்புகிறார்கள். அந்த அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்தார். பக்கத்தில் நின்ற முஸ்லிம் பெரியவரும்தான்.

அப்புறம் எல்லோரும் ஆற்றில் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்தார்கள். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்களுக்கு, ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் பக்கத்தில் நின்று வேண்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்குள் அழுது தீர்க்கும் துயரத்தை அங்கே ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

இந்தத் தோப்பு பிழைத்ததற்கு ஆஸ்திரியாவிலிருந்து வந்த கலைஞர் சூசன் வெங்கருக்கு நன்றி சொல்ல வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து சிலைகளும் சன்னதிகளும் எழுப்பி, மரங்களை வெட்டவிடாமல் காத்தார். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

*

முதலில் எழுதியவர் பார்த்தது ஓஷுன் விழா. நான் பார்த்தது இஜெபு ஓடே ஊரில் நடக்கும் ஒஜுடே ஓபா விழா. பக்ரீத்துக்கு மூன்றாம் நாள். தங்கள் மதத்தைப் பின்பற்ற அனுமதித்த மன்னருக்கு முஸ்லிம்கள் நன்றி சொல்லப் போனதில் தொடங்கியது. இன்று கிறிஸ்தவர்களும் சேர்ந்தே வருகிறார்கள்.

இணையத்தில் குதிரைகளையும் பட்டாடைகளையும் மட்டுமே காட்டுகிறார்கள். ஆனால் விழாவைத் தாங்குவது ரெக்பெரெக்பெ எனும் வயதுக் குழுக்கள். ஒரே காலத்தில் பிறந்தவர்கள் ஒரு குழு, ஒரே நிறத்தில் உடை. ஊருக்கு வேண்டிய பணிகளையும் இதே குழுக்கள்தான் பணம் திரட்டிச் செய்கின்றன. வெளிநாட்டிலிருந்தும் வந்துவிடுகிறார்கள், மன்னர் முன்னால் போகும்போது தன் குழுவில் ஒரு தலை குறையக் கூடாது என்று.