85 இன்ச் டிவி: ஏஏசி பிளாக் சுவர் தாங்குமா?

கேள்வி: ஹால் சுவர் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்), 8 இன்ச் கனம். டிவி 45 கிலோ. சுவரில் மாட்டலாமா? சோபா 10 அடி தள்ளி. எவ்வளவு உயரத்தில் வைக்கணும்?

பதில் 1: மாட்டலாம் சார். ஆனால் விரியும் ஆங்கர் போல்ட் வேண்டாம். இறுக்க இறுக்க அது பிளாக்கை உள்ளேயே நொறுக்கிவிடும். கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை விட்டு ஒட்டும் போல்ட், போடுங்கள். டிரில்லில் ஹேமர் மோடை (இடித்துத் துளைக்கும் முறை) அணைத்துவிட்டுத் துளையிடணும். துளைக்குள் தூசி இருந்தால் பசை பிடிக்காது. காற்றடித்து, பிரஷ் விட்டு, மறுபடி காற்றடியுங்கள். டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காயட்டும், அவசரப்படாதீங்க. முன்னால் இழுக்கிற மாதிரி ஸ்டாண்ட் இந்தச் சுவருக்கு ஆகாது. இழுத்தால் மேல் போல்ட்டுகளில் இழுவிசை பல மடங்காகும்.

பதில் 2: 10 அடி சரியான தூரம். உட்கார்ந்தால் கண் மட்டம் சுமார் 3½ அடி. திரையின் நடு அங்கே வரணும். திரை உயரமும் 3½ அடிதான், அதனால் அடிவிளிம்பு தரையிலிருந்து 1¾ அடி.

பதில் 3: சுவர் பூசும் முன்பே டிவி கேபிளுக்கு 2 இன்ச் பைப் புதைத்துவிடுங்கள். 1 இன்ச் பைப் வளைவில் எச்டிஎம்ஐ (டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிள்) முனை சிக்கும். 5 மீட்டருக்கு மேல் 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படங்கள்) வேணும்னா ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்தான். அதற்கு திசை உண்டு. டிவி முனையை மாற்றிச் செருகினால் படமே வராது. கரண்ட் ஒயருக்குத் தனி பைப்.