ஸ்வாப்பை மிரர் செய்தால் கிராஷ் டம்ப் எங்கே போகிறது?

கேள்வி:
வணக்கம். ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம்) சர்வர், இரண்டு டிஸ்க். ஒன்று போனாலும் மெஷின் நிற்கக் கூடாது என்று ஸ்வாப்பையும் (ரேமில் இடம் போதாதபோது நினைவகப் பக்கங்கள் போகும் டிஸ்க் இடம்) ஜிமிரரில் (இரண்டு டிஸ்கிலும் ஒரே நகலை வைக்கும் கருவி) போட்டிருக்கிறேன். போன வாரம் கெர்னல் பேனிக், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியே விழுந்துவிட்டது. டம்ப் (விழுந்த நேரத்து நினைவகத்தின் நகல்) எழுதும் எண்கள் கன்சோலில் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் ரீபூட் ஆன பிறகு அது வந்து சேர வேண்டிய /வார்/கிராஷ் காலி. டம்ப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டம்ப்டெவ் "ஆட்டோ" என்றுதான் இருக்கிறது, அதாவது ஸ்வாப்பில்தான் எழுதும். ஸ்வாப்பை மிரர் செய்ததே தப்பா?

பதில் 1:
தப்பே இல்லை. ஸ்வாப் உள்ள டிஸ்க் செத்தால் அதிலிருந்த பக்கங்களும் போய்விடும், அவற்றை நம்பி ஓடும் புராசஸ்களும் விழும், அதனால் மிரர் கட்டாயம் வேண்டும். சிக்கல் டம்ப் எழுதும் விதத்தில் இருக்கிறது. பேனிக் ஆன கெர்னல், மிரரில் முன்னுரிமை அதிகமுள்ள ஒரே டிஸ்கில்தான் டம்ப்பை எழுதும். ரீபூட்டில், டம்ப்பை ஃபைலாக எடுத்து வைக்கும் சேவ்கோர் மிரர் வழியாகப் படிக்கும்போது அந்த வாசிப்பு மற்ற டிஸ்குக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. கிராஷுக்குப் பிறகு மிரர் தானாக சிங்க் ஆகத் (ஒரு டிஸ்கை மற்றதிலிருந்து நகலெடுக்கத்) தொடங்கினால் இன்னும் மோசம், டம்ப்பின் மேலேயே பழைய தரவு ஏறிவிடலாம். ஜிமிரர் கான்ஃபிகர் கட்டளையில் பேலன்ஸை (எந்த டிஸ்கிலிருந்து படிப்பது என்ற விதியை) "பிரிஃபர்" ஆக்கினால் வாசிப்பும் அந்த முன்னுரிமை டிஸ்குக்கே போகும்; கூடவே பெரிய எழுத்து "-எஃப்"பும் கொடுங்கள், கிராஷுக்குப் பின் சிங்க் நடக்காது. ஸ்வாப்புக்கு அந்த சிங்க் தேவையும் இல்லை, ரீபூட் ஆனதும் பழைய பக்கங்களுக்கு யாரும் வரப்போவதில்லை.

பதில் 2:
அது வேலை செய்யும், ஆனால் நான் அந்த வழியில் போக மாட்டேன். ஒரு டிஸ்கில் மிரருக்கு வெளியே தனிப் பார்ட்டிஷன் வைத்து டம்ப்டெவ்வை அங்கே திருப்பிவிடுங்கள். இப்போதெல்லாம் மினிடம்ப்தான் இயல்பு, கெர்னல் பயன்படுத்தும் பக்கங்கள் மட்டுமே எழுதப்படும், ரேம் அளவுக்கு இடம் பெரும்பாலும் தேவைப்படாது. அந்த டிஸ்க் போனால் ஒரு டம்ப்தான் நஷ்டம், மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பதில் 3:
லினக்ஸில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே டம்ப் எடுக்கும் கேடம்ப்புக்கு ஸ்வாப்பே வேண்டாம். பூட்டில் "கிராஷ்கெர்னல்" என்று ஒதுக்கிய நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் எழுந்து விஎம்கோரை, அதாவது டம்ப்பை, ஃபைலாக எழுதிவிடும். அப்புறம் ஒன்று, எம்டி ரெய்டு 1 (லினக்ஸின் மிரர்) மேல் ஸ்வாப் வைத்தால் செக் ஓட்டும்போது மிஸ்மேட்ச் (இரு டிஸ்கும் ஒத்துப்போகாத இடங்கள்) எண்ணிக்கை காட்டலாம், பயப்படாதீர்கள், ஸ்வாப்பில் அது சகஜம்.

கேட்டவர்:
தனிப் பார்ட்டிஷனே வைத்துவிட்டேன். டம்ப் போகும் இடத்தைக் காட்டும் டம்ப்ஆன் "-எல்" கொடுத்து அதுதான் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ராத்திரி ஆளில்லாத நேரத்தில் டீபக்.கேடிபி.பேனிக்=1 கொடுத்து நானே விழவைத்தேன். எழுந்ததும் டம்ப் ஃபைல்களான இன்ஃபோ.0, விஎம்கோர்.0 இரண்டும் இருந்தன. மூவருக்கும் நன்றி.